மன்னார் மணலில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி! தெரியுமா உங்களுக்கு?

1966 மே 1ஆம் திகதி. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு வீட்டுப் பின்வளவு. கொஞ்சப் பேர் மத்தியகால ஐரோப்பிய வீரர்களைப் போல வேடம் கட்டிக்கொண்டு, வாளும் கேடயமுமாக மோதி விளையாடினார்கள். விளையாட்டு முற்றிச் சங்கமாயிற்று. இன்றைக்கு அந்தச் சங்கம் உலகெங்கும் பரந்து கிடக்கிறது. கிளை என்று சொல்வதில்லை, 'இராச்சியம்' என்கிறார்கள்! சனி, ஞாயிறில் கவசம் மாட்டிப் பிரபுவாகிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் கந்தோரில் போய்க் குந்துகிற மனிதர்கள். அவர்களுக்குள் யார் ராசா? சண்டையில் வென்றவன் ராசா. சட்டம் அவ்வளவுதான்.

அடேயப்பா, என்ன புதுமை என்று வாயைப் பிளக்குமுன் கொஞ்சம் பொறுங்கள். அதே 1966ஆம் ஆண்டில்தான் நம் மன்னார்க் கூத்து ஒன்று அச்சேறியது, தெரியுமா? 'மூவிராசர் நாடகம்'. பதிப்பித்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அச்சேறியதுதான் 1966இல், ஆடி வந்ததோ தலைமுறை தலைமுறையாக! பெர்க்லிக்காரர் முதல் வாளைச் சுழற்றுவதற்கு எத்தனையோ காலம் முன்பே மன்னார்த் தீவிலும் எதிரே பெருநிலத்து மாதோட்டத்திலும், பகலில் வலை இழுத்த கைகளும் வயல் வெட்டிய கைகளும் இரவில் செங்கோல் பிடித்தன. ஐரோப்பாவின் ராசாக்களும் ரோமாபுரித் தளபதிகளும் பனங்கூடலுக்குப் பக்கத்தில் விடிய விடியத் தமிழில் பாடினார்கள்.

இங்கே ராசாவைத் தெரிவு செய்வது வாள் அல்ல, குரல். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் காது கொடுத்துக் கேட்பார். மேலே போகும்போது உடையாத தொண்டை எவனுக்கோ அவனுக்கே முடி. காசுக்காரன் வீட்டுப் பிள்ளையானாலும் சுருதி சேராவிட்டால் சேவகன் வேடம்தான்!

எண்டிறீக்கு எம்பரதோரைத் தெரியுமா?

தெரியாதா? பெரிய இடத்து ஆள். 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' மன்னார்க் கூத்துகளில் தலையான ஒன்று. வித்தியானந்தன் இதை 1964இல் பதிப்பித்தார். எண்டிறீக்கு என்பது ஹென்றி. எம்பரதோர் என்பது போர்த்துக்கேயர் வாயில் சக்கரவர்த்தி. ஆகப் பேரரசர் ஹென்றி! புனித ரோமப் பேரரசில் இந்தப் பெயரோடு பேரரசர் முடி சூடியவர்கள் இரண்டாமவர் தொடங்கி ஏழாமவர் வரை ஆறு பேர். முதலாம் ஹென்றிக்குப் பேரரசர் முடி கிடைக்கவேயில்லை, பாவம். இரண்டாம் ஹென்றி 1014இல் ரோமில் முடி சூடி, 1024இல் இறந்து, பிறகு புனிதர் பட்டமும் பெற்றவர். பனி கொட்டுகிற தேசத்துச் சக்கரவர்த்தி ஒருவருடைய பெயர், உப்புக் காற்று வீசுகிற மன்னாரில் வாய்க்கு வாய் பழகி எண்டிறீக்கு ஆகி, கோயில் முற்றத்தில் கிரீடத்தோடு நிற்கிறது!

அந்த 1964ஐயும் சும்மா விட்டுவிட முடியாது. அந்த ஆண்டு டிசம்பர் 22, 23இல்தான் பெரும் புயல் பாக்கு நீரிணையைப் புரட்டிப் போட்டது. தனுஷ்கோடியை விழுங்கியது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் பாதை அந்தப் புயலோடு போயிற்று. அந்தப் பழைய பாதை மூடிய அதே ஆண்டில் எண்டிறீக்கு அச்சு மை பூசிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்.

சரி, இந்த ஐரோப்பியச் சக்கரவர்த்திகள் சபைக்கு வந்ததும் முதல் வேலையாக என்ன செய்வார்கள் தெரியுமா? முதலில் கட்டியகாரன் வந்து அரசர் வருகிறார் என்று சபையைச் சரிப்படுத்துவான். பிறகு அரசன் தோற்றப் பாட்டோடு வருவான். கொலுவில் அமர்வான். மந்திரியை அழைப்பான். நாட்டு நடப்பு விசாரிப்பான். மாதம் மும்மாரி பெய்கிறதா, குடிகள் சுகமா என்று கேட்பது கூத்து மரபு. சோழ ராசா கேட்டால் சரி, பாண்டிய ராசா கேட்டால் சரி. சீமை ராசாவும் அதைத்தான் கேட்கிறார்! கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் ஏறுமா என்று வானம் பார்த்திருக்கிற வயல்காரன் எழுதிய அரசன் வேறு எதைக் கேட்பான்? பெர்க்லிக்காரர் பழைய உடுப்பின் தையல் முதல் வாளின் எடை வரை நுணுக்கம் பார்ப்பார்களாம். நம்மவர்கள் தையலைப் பார்க்கவில்லை. சக்கரவர்த்தியைக் கூட்டி வந்து தங்கள் ஊர்க் கவலையைக் கேட்க வைத்தார்கள். இரண்டில் எது பெரிய வித்தை என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், இரண்டாவதுதான்.

கூத்துப் பழகுகிற இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இராச் சாப்பாடு முடிந்த பிறகுதான் ஆட்கள் வருவார்கள். அண்ணாவியார் கையில் தாளம். பக்கத்தில் மத்தளம். ஒரு மூலையில் சி.ஆர். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர். வரி மறந்தவனுக்கு அடியெடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. அதில் இருப்பதெல்லாம் தரு, விருத்தம், கொச்சகம், இன்னிசை, சிந்து என்று பா வகையும் மெட்டும். பனியனும் சாரமுமாக நிற்கிற இளைஞன் ஒரு தருவை எடுக்கிறான். அவன் விட்ட இடத்தில் பிற்பாட்டுக்காரர் பிடிக்கிறார்கள். அண்ணாவியார் தாளத்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் அவனைப் பார்க்கிறார். அந்தப் பார்வையே போதும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு முதலடியிலிருந்து தொடங்குகிறான். தடித்த மட்டையில் வெட்டி மினுங்கல் கடதாசி ஒட்டிய கிரீடம் இன்னும் அலுமாரிக்கு மேலே. உடுப்பெல்லாம் கடைசியில்தான். முதலில் மெட்டு நாக்கில் ஏறவேண்டும். ராணி வேடத்துக்கும் பழைய வழக்கப்படி ஆண் பிள்ளைதான். மீசையை எடுக்கச் சொன்னால் அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

மன்னார்க் கூத்தில் ஆட்டத்தைவிடப் பாட்டுக்குத்தான் வலு, தெரியுமா? மட்டக்களப்பு வடமோடிக் கூத்துக்காரர் துள்ளித் துள்ளிக் களரியை அதிர வைப்பார்கள். இங்கே காலடி கட்டுக்குள் இருக்கும், தொண்டை கட்டவிழ்ந்திருக்கும். அதிலும் இரண்டு பாங்கு: மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு. இவற்றைத் தென்பாங்கு, வடபாங்கு என்றும் சொல்வார்கள். 'நாடகம்' என்றால் நீண்டது. இரவு இரவாகப் போகும். 'வாசாப்பு' என்றால் அதன் சுருக்கம். சுருக்கம் என்றதும் மூன்று மணி நேரச் சினிமா என்று நினைத்துவிடாதீர்கள்! ஓர் இரவு முழுக்கப் பிடிக்கும்.

கை வெட்டப்பட்ட ராசகுமாரியின் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா?

ஞானசவுந்தரி. சிற்றன்னையின் சூழ்ச்சியில் காட்டுக்குக் கொண்டு போகப்பட்டு இரண்டு கைகளும் வெட்டப்பட்டவள். காட்டில் அவளைக் கண்ட பிலேந்திரன் அவளையே மணக்கிறான். அங்கேயும் சூழ்ச்சி தொடர்கிறது. கடைசியில் தேவமாதா அருளால் வெட்டுண்ட கைகள் மீண்டும் முளைக்கின்றன. வித்தியானந்தன் 1967இல் பதிப்பித்த கூத்து இது. இப்போது ஐரோப்பாவுக்குப் போங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிலிப் தெ ரெமி என்ற பிரெஞ்சுக் கவி, கையிழந்த ராசகுமாரியின் கதையைக் காவியமாகப் பாடியிருக்கிறார். அறுநூறு வருடம் கழித்து கிரிம் சகோதரர்கள் ஜெர்மன் நாட்டார் கதைகளைத் திரட்டியபோது கையில்லாப் பெண் அங்கேயும் வந்து நிற்கிறாள். ஒரே குடும்பத்துக் கதைகள் இவை. எந்தக் கப்பலில் எந்தச் சுவாமியார் வாயில் ஏறி நம் கரைக்கு வந்தாளோ!

வந்தவள் சும்மா இருந்தாளா? 1948இல் சென்னையில் இரண்டு படக் கம்பனிகள் போட்டி போட்டுக்கொண்டு 'ஞானசவுந்தரி' எடுத்தன. டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படம் ஓடோ ஓடென்று ஓடியது. ஜெமினியின் படம் எடுபடவேயில்லை. பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஜெமினி வாசனையே ஒரு மத்தியகாலக் கதை மண்ணைக் கவ்வ வைத்தது என்றால் பாருங்கள்! ஐந்து வருடம் கழித்து 1953இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ஜெனோவா'வும் இதே ரகம்தான். பழிசுமத்தப்பட்டுக் காட்டுக்குப் போன ஐரோப்பாவின் பிரபாந்து நாட்டுச் சீமாட்டியின் பழங்கதை அது.

அதிர்ச்சி இன்னும் முடியவில்லை. ஈழத்துத் தமிழின் முதல் நாவல்களை எண்ணும்போது 1891ஆம் ஆண்டின் 'ஊசோன் பாலந்தை கதை'யையும் சொல்வார்கள் அல்லவா? எழுதியவர் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி. ஊசோன் யார், பாலந்தை யார்? ஓர்சன், வலன்டைன்! மத்தியகாலப் பிரெஞ்சுக் கதையின் இரட்டைப் பிள்ளைகள். கொன்ஸ்தாந்திநோபிள் பேரரசன் தன் மனைவியைச் சந்தேகித்து விரட்டிவிடுகிறான். அவள் காட்டில் பிள்ளை பெறுகிறாள். ஒன்றைக் கரடி தூக்கிப் போய் வளர்க்கிறது, மற்றது அரண்மனையில் வளர்கிறது. பிறகு இரண்டும் மோதுகின்றன. அந்தப் பெண்ணின் அண்ணன் பெப்பின் அரசன். அந்தப் பெப்பினின் மகன்தான் சரித்திரப் புத்தகத்துச் சார்லமேன். நம் நாவல் இலக்கியத்தின் வாசற்படியிலேயே சார்லமேனின் குடும்பம் குந்தியிருக்கிறது!

எஸ்தாக்கியாருடைய மானைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள், தெரியாமலே. ரோமைத் தளபதி பிளாசிதுஸ் வேட்டைக்குப் போகிறான். துரத்திய மான் திரும்பி நிற்கிறது; கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிர்கிறது. ஞானஸ்நானம் பெற்று எஸ்தாக்கியார் ஆகிறான். அந்தக் கணத்திலிருந்து அடி மேல் அடி. சொத்துப் போகிறது. கப்பல் கூலி கொடுக்க வழியில்லாமல் நிற்கும்போது கப்பல்காரன் மனைவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். ஆற்றைக் கடக்கும்போது ஒரு மகனைச் சிங்கமும் மற்ற மகனை ஓநாயும் தூக்கிப் போகின்றன. பல வருடம் கழித்து எல்லோரும் ஒன்று சேர்கிறார்கள். சேர்ந்த கையோடு பேரரசன் அவர்களை வெண்கல எருதுக்குள் அடைத்துத் தீ மூட்டுகிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் புனிதர் கதைத் திரட்டுகளில் எல்லாம் இருக்கிற இந்தக் கதை நம் கரைகளில் 'எஸ்தாக்கியார்' கூத்து. அந்தக் கொம்பிடைச் சிலுவை ஹூபர்ட் என்ற இன்னொரு புனிதருக்கும் சொந்தம். உலகமெங்கும் விற்கிற ஒரு ஜெர்மன் மதுப் போத்தலின் முகப்பிலும் அதே மான்தான் நிற்கிறது.

கப்பல்காரனிடம் மனைவியை இழக்கிற காட்சியைக் கடலோடிகளின் ஊரில் ஆடிப் பாருங்கள், சபை எப்படிக் கிடக்கும் என்று! மன்னாரில் இந்தக் கதை ஊன்றிப்போனதற்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு என்று எனக்குப் படுகிறது. விசுவாசத்துக்காக அரசன் கையால் சாவது என்பது இந்தத் தீவுக்குப் படித்துத் தெரிந்த கதை அல்ல. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களை 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டிக் கொன்றான். 600 பேருக்கு மேல் என்று மரபு சொல்கிறது. தோட்டவெளியில் வேதசாட்சிகளின் பெயரால் கோயில் இருக்கிறது. ரோமைச் சக்கரவர்த்தி வேடம் கட்டி மிரட்டும்போது மன்னார்ச் சனம் பார்ப்பது ரோமை மட்டும்தானா?

இதில் விசித்திரத்திலும் விசித்திரம் எது தெரியுமா? யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கரையூர்களில் 'சங்கிலியன்' பெயரிலேயே கூத்து உண்டு. அங்கே அவன் போர்த்துக்கேயனை எதிர்த்து நிற்கிற வீரன்! அந்த வேடத்தால் பேர் பெற்றவர் கூத்துக் கலைஞர் பூந்தான் யோசேப்பு. சங்கிலி என்ற பேரில் அரசர் இருவர் இருந்ததால் எந்தச் சங்கிலி என்று வாதாடுவது வேறு விசயம். ஒரே சமயத்துக் கடற்கரை ஒரு கரையில் அவனால் செத்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறது, மற்றக் கரையில் அவன் முடியைச் சூடி ஆடுகிறது. கூத்து என்றால் இப்படித்தான், யாருக்கும் அடங்காது.

மூவிராசருக்குத் திரும்புவோம். கீழைத் தேசத்து ராசாக்கள் மூவர் வெள்ளியைப் பார்த்துப் பெத்லகேம் போன கதை. அவர்களுடையவை என்று நம்பப்படுகிற எலும்புகள் 1164இல் மிலானிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கொண்டு போகப்பட்டன. இன்றும் அங்கே பொற்பேழையில் இருக்கின்றன. மத்தியகால ஐரோப்பாவின் கோயில்களில் இந்தக் கதை நாடகமாக நடந்தது. அங்கே சபையை ஆட்டிப் படைத்த வேடம் ஏரோது. அடித்தொண்டையில் கத்துகிற நடிகர்களைப் பற்றி ஹாம்லெட் நாடகத்தில் வருகிற கிண்டலுக்கே ஏரோது வேடந்தான் அளவுகோல். மன்னார்க் களரியிலும் கூத்துக்குத் தீனி போடுகிறவன் அவன்தான். மூன்று நல்ல ராசாக்களை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஆடமுடியும்? ஒரு கெட்டவன் வேண்டாமா?

அந்த மூவரில் ஒருவர் நம்ம ஆள் என்று ஒரு கதை இருப்பது தெரியுமா? போர்த்துக்கேயர் காலத்து எழுத்துகளில் வருகிறது. இலங்கைத் தீவின் அரசன் 'பிரிமாள்' என்பவன் மஸ்கட் கரைக்குக் கப்பலேறிப் போய், அங்கே மற்ற ராசாக்களோடு சேர்ந்து பெத்லகேம் போனானாம். பிரிமாள் என்றால் நம் பெருமாள்! நான் நம்பவில்லை. ஆனால் கேட்கக் கேட்க அலுக்காத பொய்.

இந்தப் போர்த்துக்கேயர் லேசுப்பட்டவர்களா? 1560இல் மன்னாரில் கோட்டை கட்டி 1658 வரை இருந்தார்கள். அவர்கள் போன இடமெல்லாம் மத்தியகால ராசாக்களும் கூடவே போயிருக்கிறார்கள். கேரளத்தில் கொச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பலகை மேடையை மிதித்து அதிர வைத்து ஆடுகிற சவிட்டு நாடகத்தின் முதல் காவியம் 'காறல்மான் சரிதம்'. காறல்மான் என்றால் அதே சார்லமேன். பழைய முறையில் பதினைந்து நாள் ஆட்டம்! அதை ஆக்கியவராகச் சொல்லப்படுபவர் யார் தெரியுமா? சின்னத்தம்பி அண்ணாவி, தமிழர். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடலில் சாவோ தோமே என்று ஒரு குட்டித் தீவு. அங்கே முகமூடி போட்டுக்கொண்டு ஆடுகிற 'சிலோலி' கூத்தும் சார்லமேன் பேரரசர் நீதி வழங்குகிற கதைதான். மூலத்தை எழுதியதாகச் சொல்லப்படுகிறவர் பதினாறாம் நூற்றாண்டின் பல்தசார் தியாஸ், கண் தெரியாத கவி. பிரேசிலில் குதிரையேறி அதே சார்லமேனின் வீரர்களாக மோதுகிறார்கள். கொச்சி, சாவோ தோமே, பிரேசில், மன்னார் என்று ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கறுவாவும் முத்தும் ஏற்றப் போன கப்பல்கள் இறக்கிவிட்ட சரக்கு இது.

தமிழ்ப் புலவர்களும் அந்தச் சரக்கைச் சூட்டோடு சூடாக எடுத்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயர் ஆட்சியிலேயே, 1647இல், தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடிவிட்டார். சந்தியோகுமையோர் வேறு யாருமல்ல, ஸ்பெயின் தேசத்து யாத்திரிகர்கள் மாதக் கணக்காக நடந்து போய்க் கும்பிடுகிற சந்தியாகு.

பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். கத்தோலிக்கருக்குத் தடை. மாந்தையிலிருந்து மாதாவின் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் 20 குடும்பங்கள் காட்டுக்குள் போனது எல்லோருக்கும் தெரிந்த மடு மாதா கோயிலின் கதை. அந்தத் தடைக்காலத்தில் கோவாவிலிருந்து ஒளித்து மறைந்து வந்த குருமார் இருவரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1687இல் வந்தவர் யோசேப் வாஸ். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார், அன்றைக்கே மடுவுக்கும் போனார். 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ். கொங்கணி பேசி வளர்ந்த இந்த மனிதர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தபசு காலத்தில் இன்றும் நம் ஊர்க் கோயில்களில் இழுத்து இழுத்து ஒப்பாரியாக வாசிக்கிறார்களே 'வியாகுலப் பிரசங்கம்', அது அவர் எழுதியது. கேட்டுக்கொண்டே அழுகிற ஆச்சிமாருக்கு எழுதியவர் கோவாக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்!

பாடுகளின் நாடகமான பாஸ்கு இல்லாமல் மன்னார்க் கதை முடியுமா? தீவில் பேசாலை. வெற்றி மாதா கோயில். இந்த ஊரின் 'உடக்குப் பாஸ்' கேள்விப்பட்டதுண்டா? கிறிஸ்துநாதரின் பாடுகளை ஆட்கள் நடிப்பதற்குப் பதிலாக உடக்கு எனும் ஆளுயரப் பொம்மைகளைக் கொண்டு நிகழ்த்துகிறார்கள். பின்னால் மறைந்து நிற்கிற ஆட்கள் இயக்க, வாசகமும் ஒப்பாரியும் சபையைக் கரைய வைக்கும். ஜெர்மனியின் ஒபராமர்காவ் கிராமத்தில் 1634 முதல் பாடுகளின் நாடகம் நடக்கிறது என்று உலகம் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிறது. பேசாலைக்கு விமானம் வேண்டாம்.

இந்த விசயத்தில் சிங்களப் பக்கமும் சளைத்ததல்ல. நீர்கொழும்புக்குக் கிட்ட துவையில் பாஸ்கு பேர்போனது. பொரலஸ்ஸவில் லோரன்ஸ் பெரேரா ஒபராமர்காவைப் பார்த்துப் பெரிதாக நடத்திவந்த பாஸ்குவில் 1939இல் பெண்களே பெண் வேடம் கட்டினார்கள். பேராயர் தடை போட்டுவிட்டார்!

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிங்கள நாடக உலகின் தலைமகன் எதிரிவீர சரச்சந்திர. 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அவருடைய 'மனமே' மேடையேறியது. சிங்கள அரங்கின் மறுபிறப்பே அது என்பார்கள். அந்த நாடகம் எந்த மரபிலிருந்து எடுத்தது? 'நாடகம' மரபிலிருந்து. அந்த நாடகம எங்கிருந்து வந்தது? தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்து! கோயிலும் குருமாரும் வழியாக மேற்குக் கரையோடு தெற்கே இறங்கிப் போன மரபு அது. சிலாபத்துக் கபிரியேல் பெர்னாண்டோ சிங்களத்தில் செய்ததாகச் சொல்லப்படும் பழைய நாடகமும் மூவிராசர் கதைதான். சிங்கள நாடகமவில் மத்தளம் அடிப்பார்கள், விருத்தத்தை 'விருதுவ' என்பார்கள், இன்னிசையை 'இன்னிசய' என்பார்கள். சரச்சந்திர சிங்கள மரபைத் தேடிப்போய்த் தமிழ்க் கூத்தின் வாசலில் நின்றார். பேராதனையில் அதைக் கூட இருந்து பார்த்தவர்தான் வித்தியானந்தன். அவன் செய்கிறான், நாம் சும்மா இருப்பதா என்று மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் ஓடினார். 1962இல் மட்டக்களப்பின் 'அலங்காரரூபன்', பிறகு மன்னாரின் எண்டிறீக்கு, மூவிராசர், ஞானசவுந்தரி என்று ஆறு வருடத்துக்குள் நான்கு பதிப்பு. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் அவர். எனக்கு அவருடைய பெரிய பதவியைவிட அந்த நான்கு புத்தகங்கள்தான் பெரிது.

ஏன் என்றால், 1990இல் போரால் தீவின் பெரும்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தது. அதற்கு முன்னும் ஓட்டம், பின்னும் ஓட்டம். குண்டு விழுகிற நேரத்தில் பிள்ளையைத் தூக்குவார்களா, கூத்துக் கொப்பியைத் தூக்குவார்களா? அச்சில் ஏறியது தப்பியது. அண்ணாவிமாரின் நெஞ்சில் இருந்தது அவரவர் ஆயுளோடு. பேசாலை எழுத்தாளர் எஸ்.ஏ. உதயன் 'வாசாப்பு' என்றே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். 'லோமியா', 'தெம்மாடுகள்' எழுதிய அதே உதயன்தான். மன்னார்க் கடற்கரைத் தமிழைக் காதால் கேட்க வேண்டுமென்றால் அவரை வாசியுங்கள்.

கூத்தும் ஓய்ந்துவிடவில்லை. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் வடக்கில் பாஸ்குவையும் கூத்தையும் பெரிய மேடைக்குக் கொண்டுவந்தது. மன்னாரிலும் அதற்குக் கிளை உண்டு. போர் நடந்த காலத்திலும் நூற்றுக்கணக்கானோரை மேடையேற்றிப் பாடுகளின் நாடகம் போட்டார்கள். பிறகு ஐரோப்பிய நாடுகளுக்கும் போய் ஆடினார்கள். அங்கே புலம்பெயர்ந்து வாழ்கிற நம் கரையூர்ச் சனமும் விழாக்களில் கூத்துப் போடுகிறது. ஐரோப்பாவில் பிறந்து, கப்பலேறி, தமிழ் பேசக் கற்று, தரு பாடி, விமானம் ஏறித் திரும்பவும் ஐரோப்பாவுக்கே! சீமை ராசாக்களுக்கு இவ்வளவு நீண்ட பயணம் வேறெங்கே வாய்த்திருக்கிறது?

பார்க்க ஆசை வந்துவிட்டதா? தலைமன்னார் வரை ரயில் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறந்தது. பேசாலையில் நிலையம் இருக்கிறது. ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்குவுக்கென்றால் பெரிய வெள்ளியை ஒட்டிப் போகவேண்டும். கூத்துக்குக் கலண்டரில் நாள் குறித்திருக்காது. கோயில் திருவிழா எப்போது, இந்த முறை கூத்து உண்டா என்று மூப்பரிடமோ சுவாமியாரிடமோ கேட்கவேண்டும். உண்டு என்றால் பகலில் நன்றாகத் தூங்கிவிடுங்கள். பாய் ஒன்றும் போர்வை ஒன்றும் கொண்டு போங்கள், வாடைக் காற்று நடுச்சாமத்துக்குப் பிறகு சும்மா விடாது. முன்வரிசையில் இடம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த இடமெல்லாம் ராசா வேடம் கட்டியவனின் அம்மா, அப்பா, மாமிமார், மச்சான்மார், பக்கத்து வீட்டார் என்று பொழுதுபடுமுன்பே பாய் விரித்துப் பிடித்தாகிவிட்டது.